ஐம்பத்தோரு சீட்டில் ஐந்து

மடலென் எட்சார்ட் ஒரு சூதாட்ட விடுதியில் இருபத்திரண்டு வருடம் சீட்டுப் போட்டவள். நெவாடாவில் எங்கள் ஊர்க்காரர்களில் பாதிப்பேர் அவள் மேஜையில் தோற்றிருக்கிறோம். சிகரெட் புகை, ஜெயித்தவனின் இளிப்பு, தோற்றவனின் வியர்வை எல்லாமே அவளுக்குக் குமட்டியது. வேலையை விட்ட அன்று, இனிச் சீட்டைத் தொடமாட்டேன் என்றாள்.

அறுபத்தோரு வயதில் பள்ளி வாரியத் தேர்தலில் நின்றாள். எதிரே லேமர் ஸ்டாக்டேல். தூரத்துப் பண்ணைகளுக்குப் போகும் பள்ளிப் பேருந்தை நிறுத்தவேண்டும் என்பவன். எண்ணிப் பார்த்தால் ஆளுக்கு நானூற்றுப் பதினொரு ஓட்டு. மறுபடி எண்ணியும் அதேதான். சமமாக வந்தால் எங்கள் பக்கம் சீட்டெடுத்துத்தான் தீர்ப்பார்கள். பெரிய சீட்டு எடுப்பவருக்குப் பதவி. ஏஸ்தான் உச்சம்; இருவருக்கும் ஒரே சீட்டு வந்தால் இஸ்பேட், ஹார்ட், டைமண்ட், கிளாவர் என்ற வரிசையில் முந்தியது ஜெயிக்கும்.

தேர்தல் அலுவலகத்தில் நான் குமாஸ்தா. புதுக் கட்டைப் பிரித்துக் கலைத்தது நான்தான். செத்த எலியைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தாள் மடலென்.

"பழகின கையாச்சே, நீயே முதல்ல எடு. உனக்குத்தான் சாதகம்," என்றான் லேமர்.

"முதல்ல எடுத்தா என்ன, அப்புறம் எடுத்தா என்ன? பாதிக்குப் பாதிதான். சும்மா நில்லு."

எடுத்தாள். ஹார்ட்டின் ராஜா.

"ஜெயிச்சாச்சுக்கா!" என்று குதித்தான் அவள் தம்பி பெனாட்.

"கத்தாத. இன்னும் அம்பத்தோரு சீட்டு இருக்கு. நாலு ஏஸ்ல எது வந்தாலும் நான் காலி. ராஜாவுல இஸ்பேட் மட்டும் என்னை அடிக்கும். மொத்தம் அஞ்சு."

"பத்துல ஒரு பங்குகூட இல்லியே!"

"அந்த ஒரு பங்கைத்தான்டா என் மேஜையில தினமும் பாத்தேன்."

லேமர் எடுத்தது டைமண்ட் ஏஸ். அதற்கு முத்தம் கொடுத்தான். கூட்டம் கைதட்டியது. "கடவுளே ஓட்டுப் போட்டுட்டாரு!" என்று எவனோ கத்தினான். மடலென் கைக்குட்டையால் விரல்களை அழுத்தித் துடைத்துக்கொண்டு வெளியேறினாள்.

வாசலில் பெனாட் ஆறுதல் சொன்னான். "விடுக்கா. அதிர்ஷ்டம் இல்ல."

"இன்னும் ஒரே ஒரு ஓட்டு விழுந்திருந்தா இந்த அசிங்கமே கிடையாது." அவன் தரையைப் பார்த்தான். "ஏன்டா, நீ போட்டேல்ல?"

"அன்னைக்கு வாத்து வேட்டைக்குப் போயிட்டேன்க்கா. ஒரு ஓட்டு என்ன செஞ்சிடப்போகுதுன்னு..."

"சீட்டுக்குப் புத்தி கிடையாது, அது மேல எனக்குக் கோவமில்ல. உனக்கு இருக்குன்னு நெனச்சேன் பாரு, த்தூ! என் வண்டியில ஏறாத."

நாலு மைல் பனியில் நடந்தே போனான் பெனாட்.

ஜனவரியில் பேருந்து நின்றது. பண்ணைப் பிள்ளைகள் ஏழு பேரை மடலென் தன் வேனில் ஏற்றிப்போனாள். வழியெல்லாம் லேமரைத் திட்டினாள். தம்பியை அதைவிட அதிகமாக.

நான்கு வருடம் கழித்துப் பத்தொன்பது ஓட்டில் ஜெயித்தாள். அன்று சாயங்காலம் பெனாட் ஆட்டுக்கறிக் குழம்புச் சட்டியோடு வந்து நின்றான்.

"ஓட்டுப் போட்டியா?"

"காலையிலேயே போட்டுட்டேன்க்கா."

சட்டியை வாங்கிக்கொண்டாள். அவனை உள்ளே கூப்பிடாமல் கதவைச் சாத்தினாள்.