கம்பியைத் தாண்டிய அப்பா

போன ஞாயிறு குற்றாலத்தில் ஒரு பெண் போலீஸ் என் துண்டைப் பிடித்து இழுத்தார். பதறாதீர்கள்... தோளில் கிடந்த துண்டைத்தான்!

காரணம், என் மகள் கயலின் முழங்கால்.

கயல் காலேஜ் கபடி டீமில் ரெய்டர். போன வருஷம் ஓர் ஆட்டத்தில் எகிறிக் குதித்து இறங்கிச் சட்டென்று நின்றபோது முழங்காலுக்குள் 'டப்'. லிகமெண்ட் கிழிந்துவிட்டது. ஆபரேஷன், ஊன்றுகோல், மாதக்கணக்கில் பயிற்சி... இப்போது டாக்டரும் பிசியோதெரபிஸ்டும் "விளையாடலாம்" என்று சொல்லிவிட்டார்கள். காலேஜ் படிவத்தில் அப்பாவின் கையெழுத்து மட்டும் பாக்கி. மூன்று வாரமாக அப்பாவுக்குப் பேனா கிடைக்கவில்லை!

"பொம்பளப் பிள்ளைகளுக்கு இது ஜாஸ்தியா வருதாம்லா..." என்று இழுத்தேன்.

"ஆமாப்பா. குதிச்சு இறங்கையில முட்டி உள்பக்கமா சாயுது. அதான் இறங்குறதுக்கே தனியா பழகியிருக்கேன்லா!"

எனக்கு நம்பிக்கை வரவில்லை. சாரல் வந்தது. தென்காசியிலிருந்து குடும்பத்தோடு அருவிக்குக் கிளம்பினோம். அம்மாவும் மகளும் பெண்கள் பக்கம், நான் ஆண்கள் பக்கம். நடுவில் கம்பி. எட்டிப் பார்க்கிறேன் — கயல் தரையில் குந்தியிருக்கிறாள்!

போச்சு! 'டப்' சத்தம் எனக்கே கேட்டது. (அந்த அருவி இரைச்சலில் இடி விழுந்தாலே கேட்காது என்பது பிற்பாடுதான் உறைத்தது.) கம்பியைத் தாண்டிக் குதித்தேன். விசில்!

"யோவ், எங்கன போறீரு? லேடீஸ் சைடுய்யா!"

துண்டு போலீஸ் கையில் நின்றது. நான் நிற்கவில்லை. என் கால்களோ எனக்கும் முன்னால் போய்விட்டன. தொப்!

"அப்பா!"

கயல் ஓடி வந்தாள். ஈரத் தரையில்... ஓடி! என் தலைமாட்டில் சட்டென்று நின்றாள். முட்டி மடங்கி, கொஞ்சமும் உள்ளே சாயாமல், கம்பீரமாக. எந்த நிறுத்தத்துக்குப் பயந்து பேனாவை ஒளித்து வைத்தேனோ, அதே நிறுத்தம்.

"ஏட்டி, நீ விழலையா?"

"ஹேர் கிளிப் விழுந்துட்டுப்பா. தேடுதேன்!"

பெண் போலீஸுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பிள்ளைக்குன்னா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா அண்ணாச்சி?"

கயல் வலியெடுத்த என் முழங்காலை மடக்கி, நீட்டி, அமுக்கிப் பார்த்தாள். "லிகமெண்டுக்கு ஒண்ணுமில்ல. கால வெறப்பா வச்சுக் குதிச்சிருக்கீங்க. உங்களுக்கு இறங்கத் தெரியலப்பா!"

என் மனைவி கைப்பையைத் திறந்தாள். பிளாஸ்டிக் கவருக்குள் படிவம், கூடவே பேனா. "முட்டிதான அடிபட்டுச்சு? கை நல்லாத்தான இருக்கு?"

உட்கார்ந்த இடத்திலேயே போட்டேன்.

கயல் மறுபடி கபடி ஆடுகிறாள். அவளுடைய பழைய முழங்கால் உறை (நீ-கேப்) இப்போது என் காலில். தினமும் காலையில் எனக்கு இறங்கும் பயிற்சியும் தருகிறாள் — இப்போதைக்கு நாற்காலியிலிருந்து!