அஞ்சு நிமிஷ மேடமும் பச்சைச் சட்டைகளும்

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு அஞ்சு நிமிஷ மேடம் என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை, என்னைத் தவிர. மறதி நோய் முற்றியவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லங்களுக்குப் போய், அங்கே கவனிப்பு எப்படி இருக்கிறது என்று தரம் போடுவது எங்கள் இருவரின் வேலை. ஃபைல், மருந்து அலமாரி, சமையலறை எல்லாம் என் பங்கு. அவர் கூடத்து மூலையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துத் தாளில் குறி போடுவார். முகம் மலர்ந்திருந்தால் கூட்டல். சும்மா இருந்தால் சுழி. கலங்கியிருந்தால் கழித்தல். இரண்டு மணி நேரம் இப்படியே. பேசமாட்டார், உதவமாட்டார், டீ நீட்டினால்கூட வேண்டாம் என்று தலையாட்டிவிடுவார்.

பத்தொன்பது வருஷம் வார்டில் நர்ஸாக இருந்து, இடுப்பு போய், இந்த வேலைக்கு வந்தவர். எந்த இல்லத்துக்குப் போனாலும் முதலில் கழிப்பறையில் உட்கார்ந்து, அழைப்பு மணிக் கயிறு கைக்கு எட்டுகிறதா என்று பார்ப்பார். ஒரு தடவை கயிறும் எட்டவில்லை, அவரால் எழுந்திருக்கவும் முடியவில்லை. அவர் போட்ட சத்தத்தைக் கேட்டு நான்தான் ஆள் அனுப்பினேன். வெளியே வந்தவர் கொஞ்சமும் கூச்சப்படாமல், "பதினேழு நிமிஷம், எழுதிக்கோங்க ஃபைல் சார்" என்றார். ஃபைல் சார் என்பது நான்.

அவருடைய கணவர் ஒருநாள் என்னிடம் ஃபோனில் முறையிட்டார். "சார், நான் சாப்பிடும்போது என் மூஞ்சியையே பாக்குறா. மார்க் போடறாளோன்னு பயமா இருக்கு."

எனக்கு இந்த நாற்காலி சமாச்சாரத்தில் பெரிய நம்பிக்கை கிடையாது. மருந்து கொடுத்தால் ஏட்டில் இருக்கும், கொடுக்காவிட்டால் இருக்காது. முகத்தைப் பார்த்து என்ன தெரியும் என்று காரில் போகும்போதெல்லாம் சண்டை பிடிப்பேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்கு ஆகவே ஆகாது.

நான் சொல்ல வந்தது முப்பத்திரண்டு பேர் இருக்கும் ஓர் இல்லத்தைப் பற்றி. போன தடவை அது தேறவில்லை. இரண்டு பேருக்குப் படுக்கைப் புண், மணி அடித்தால் வர ஆளில்லை, இன்னும் என்னென்னவோ. ஆறு மாதம் அவகாசம் கொடுத்திருந்தோம். இந்தத் தடவையும் தவறினால் உரிமம் போய்விடும், முப்பத்திரண்டு பேரையும் வெவ்வேறு ஊர்களுக்குப் பிரித்து அனுப்ப வேண்டியதுதான். அதிலும் முன்பு பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்திய ஒருவர் இருந்தார். வாத்தியார் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவருடைய மனைவி நாலு தெரு தள்ளி இருந்து தினமும் பதினொரு மணிக்கு நடந்தே வருவார். அடுத்த இல்லம் பஸ்ஸில் மூன்று மணி நேரத் தூரத்தில். முழங்கால் தேய்ந்த அந்த அம்மாவால் மாதம் ஒரு தடவை போக முடிந்தால் பெரிது.

காலை பத்து மணிக்கு உள்ளே போனதும் எனக்கே மனசு நிறைந்துவிட்டது. ஊழியர்கள் எல்லோரும் புத்தம்புது வெள்ளைச் சீருடையில், மடிப்புக் கலையாமல் நின்றார்கள். தரை பளபளத்தது. ஃபைல்களைப் புரட்டினேன், ஒரு குறை இல்லை. புண் ஆறியிருந்தது. மணியை நானே அடித்துப் பார்த்தேன், ஒன்றரை நிமிடத்தில் ஆள் வந்து நின்றது. சபாஷ் என்று கூடத்துக்கு வந்தால், மேடத்தின் தாள் முழுக்கக் கழித்தல்!

நிமிர்ந்து பார்த்தேன். ஒரு பாட்டியம்மா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அழுதார். இன்னொருவர் சுவரோரம் ஒதுங்கி நின்றார். ஊழியர்கள் குனிந்து, கெஞ்சி, கொஞ்சிப் பேசினார்கள். பேசப் பேச இவர்கள் பின்வாங்கினார்கள். வாத்தியார் சூப்புக் கிண்ணத்தைத் தட்டிவிட்டு, "ஊசி போட வந்துட்டானுங்க! ஊசி போட வந்துட்டானுங்க!" என்று கத்தினார்.

தலைமை நர்ஸ் என் பக்கத்தில் வந்து நின்றார். "தினமும் இப்படி இல்ல சார். சத்தியமா இல்ல. இன்னிக்கு என்ன வந்துச்சுன்னே தெரியல."

சோதனைக்குப் போகிற இடமெல்லாம் கேட்கிற பேச்சு இது. "சரிம்மா" என்றேன். மனதுக்குள் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து வாத்தியாரின் மனைவி வாசலில் வந்து நின்றார். "சோதனை நடக்குதும்மா, முடியற வரைக்கும் வெளியில உக்காருங்க" என்று வராந்தா பெஞ்சைக் காட்டினேன். அவர் போய் உட்கார்ந்தார்.

பதினொன்றரை இருக்கும். வாத்தியார் தட்டிவிட்ட சூப்பு ஒரு ஊழியர் பெண்ணின் வெள்ளைச் சட்டையில் வழிந்திருந்தது. மாற்ற வேறு வெள்ளை இல்லை போல. அலமாரியிலிருந்து தன்னுடைய பழைய பச்சைச் சீருடைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள். சாயம் போய், முழங்கையில் தையல் விட்ட சட்டை. வந்து, புதிதாக ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வாத்தியார் எதிரில் உட்கார்ந்தாள்.

வாத்தியார் அவளை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் வாயைத் திறந்தார்!

அதோடு நிற்கவில்லை. அழுதுகொண்டிருந்த பாட்டியம்மா எழுந்து வந்து அந்தப் பச்சைச் சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். சுவரோரம் நின்றவரும் மெல்ல நகர்ந்து வந்தார். ஐந்தே நிமிடத்தில் அந்தப் பெண்ணைச் சுற்றி நாலு பேர், மற்ற வெள்ளைச் சட்டைகளைச் சுற்றி ஒருவரும் இல்லை. மேடம் நாற்காலியிலிருந்து எழுந்தார். ஆறு வருஷத்தில் சோதனை நடுவில் அவர் எழுந்து நான் பார்த்ததே இல்லை.

"முகம் ஞாபகம் இல்ல இவங்களுக்கு. சட்டைதான் ஞாபகம்" என்றார். குரல் படபடத்தது. "சிஸ்டர், பழைய சட்டையெல்லாம் எங்க? எல்லாரையும் மாத்தச் சொல்லுங்க. மத்தியானம் முதல்லேருந்து மறுபடி உக்காரப் போறேன்."

எனக்குக் கோபம் வந்தது. "மேடம், நாம சோதிக்க வந்தோமா, சொல்லிக் குடுக்க வந்தோமா?"

"ரெண்டு தடவை உக்காரலாம்னு விதியிலேயே இருக்கு. ரெண்டு தாளையும் சேர்த்து வைக்கணும், அவ்வளவுதான். வேஷம் போட்ட இல்லத்தை ஒரு தடவை பாத்தாச்சு. நெஜ இல்லத்தையும் பாத்துட்டுப் போலாம்."

"வேஷம் யாரு போடச் சொன்னாங்களாம்?" என்றேன் எகத்தாளமாக.

தலைமை நர்ஸ் என்னைப் பார்த்தார். "நீங்கதான் சார். போன தடவை எழுதினீங்களே, 'ஊழியர்களின் உடை நிறம் மங்கி, பார்க்கத் தகுந்ததாக இல்லை'ன்னு."

எனக்கு முகம் தொங்கிவிட்டது. என் கையெழுத்து, என் வாக்கியம். எழுதியது மறந்தே போயிருந்தது. அந்த ஒரு வரிக்காக இவர்கள் ஆறு மாதம் தலைகீழாய் நின்று புதுத்துணி தைத்திருக்கிறார்கள். அதை இன்றைக்கு முதன்முதலாகப் போட்டுக்கொண்டு வந்து, தங்களை நம்பியவர்களுக்கே அந்நியராக நின்றிருக்கிறார்கள்.

"பழைய சட்டை எங்கம்மா?" என்று கேட்டேன்.

"மூட்டையா கட்டிப் பின்வாசல்ல வச்சோம். குப்பை வண்டி பன்னெண்டுக்கு வரும்."

மணி பன்னிரண்டு அடிக்க இரண்டு நிமிடம். நான் ஓடினேன். ஐம்பத்தோரு வயதும், எனக்கு முன்னால் போகும் ஒரு தொப்பையுமாக, சமையலறை வழியாக ஓடினேன். பின்வாசலில் மூட்டை இல்லை! வண்டி தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. "நிறுத்து! ஏய், நிறுத்துப்பா!" கையில் இருந்த ஃபைலை ஆட்டிக்கொண்டே ஓடினேன். காகிதங்கள் தெருவெல்லாம் பறந்தன, நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வண்டிக்காரர் யாரோ பைத்தியம் என்று பயந்துதான் நிறுத்தியிருக்க வேண்டும்.

மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நான் வந்து நின்ற கோலத்தைப் பார்த்து மேடம் வாய்விட்டுச் சிரித்தார். "ஃபைல் சார், மூச்சை விடுங்க, மூச்சை விடுங்க!"

ஒரு மணிக்கு எல்லோரும் பச்சையில் வந்தார்கள். கசங்கல், கறை, ஒன்றிரண்டில் பொத்தான்கூட இல்லை. மேடம் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் முதல் தடவையாக அவர் பின்னால் நின்று, மூச்சுப் பிடித்துக்கொண்டு தாளைப் பார்த்தேன். சுழி. சுழி. கூட்டல். சுழி. சுழி. அடுத்த ஐந்து நிமிடம்: கூட்டல், கூட்டல், சுழி, கூட்டல், சுழி. பாட்டியம்மா பாடினார். சுவரோரம் நின்றவர் ஒரு ஊழியரின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். அதற்கு ஒரு கூட்டல் விழுந்தபோது நான் "ஆமா!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். மேடம் திரும்பி முறைத்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மூன்று மணிக்கு இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். உரிமம் தொடரலாம். இரண்டு தாள்களோடு, என் பழைய குறிப்பு தவறு என்று நானே எழுதி இணைத்தேன். தலைமை நர்ஸ் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுகைக்கு நடுவே சிரித்தார்.

அப்போதுதான் வராந்தா பெஞ்சு நினைவுக்கு வந்தது. பதினொரு மணிக்கு உட்காரச் சொன்ன அம்மா! நாலு மணி நேரமாக அங்கேயே இருந்தார். போய்ச் சொன்னேன். "இல்லத்தை மூடலம்மா. உங்க வீட்டுக்காரர் எங்கயும் போக வேண்டாம்."

அவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். அந்த வெயிலில் கழுத்துவரை ஒரு மஞ்சள் கம்பளிச் சால்வை.

"இந்த வேக்காட்டுல இது எதுக்கும்மா? எடுத்துடுங்களேன்."

"ஐயோ, எடுக்கக் கூடாது தம்பி" என்றார். "நாலு வருஷமா இதேதான் போட்டுட்டு வரேன். ஒருநாள் தோய்ச்சது காயலன்னு சும்மா வந்தேன். நீ யாரும்மான்னு கேட்டாரு."

மேடமும் பின்னால் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஐந்து நிமிடக் குறி, இரண்டு தாள், பன்னிரண்டு பக்க ஃபைல். இந்த அம்மாவை மட்டும் ஒரு வார்த்தை கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. மேடம் அந்த அம்மாவின் கைப்பையை வாங்கிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார்.

முழங்கால் வலியை மறந்து அந்த அம்மா வேகவேகமாக உள்ளே போனார். ஜன்னல் ஓரம் இருந்த வாத்தியார் நிமிர்ந்து, சால்வையைப் பார்த்தார். முகமெல்லாம் கோபம்.

"ஏன் இவ்வளவு லேட்டு? எத்தனை நேரமா காத்துக்கிட்டு இருக்கேன் நான்!"

அந்த அம்மா திரும்பி என்னைக் கை நீட்டிக் காட்டினார். "இந்தத் தம்பிதாங்க விடல!"