கட்டிலுக்கு அடியில்

கார்த்திகை தீபத்துக்கு முந்தைய வாரம் எங்கள் ஊரில் மெஸ் நடத்துகிறவர்கள் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்வோம். கூட்டம் சேரச் சேர ரோட்டை அடைத்துவிடுவார்கள், கேஸ் வண்டி உள்ளே வராது. அந்த நாட்களில் அடுப்பு அணைந்தால் அந்த வருஷமே போச்சு. அதனால் முன்கூட்டியே சிலிண்டர்களை வாங்கி, இடம் கிடைத்த மூலையில் எல்லாம் அடுக்கிவைப்போம். என் வீட்டுக்காரர் இதில் மற்றவர்களைவிட ஒருபடி மேல். நாலு மேஜை போட்ட கடைக்கு, கல்யாண மண்டபத்துக்கு வேண்டிய கேஸ் வைத்திருந்தார்.

கீழே மெஸ், மேலே வீடு. ஏறி இறங்க ஒரே ஒரு குறுகலான படி. பக்கத்து வீட்டு அக்காவுக்கும் அதே படிதான்.

மாநகராட்சியிலிருந்து ஏற்கெனவே வந்து எச்சரித்துவிட்டுப் போயிருந்தார்கள். மறுபடியும் வருகிறார்கள் என்று எதிர் டீக்கடைக்காரர் ஓடிவந்து சொன்னதும், வீட்டுக்காரரும் சமையல்காரரும் நிறைந்த சிலிண்டர்களை மூச்சுவாங்க மேலே தூக்கி வந்து எங்கள் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்கள். போர்வையைத் தரைவரை இழுத்துவிட்டார்கள். எல்லாவற்றையும் தூக்க நேரமில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் மிச்சம் நின்றவற்றை சுகாதார ஆய்வாளர் பார்த்தார். குரலை உயர்த்தக்கூட இல்லை.

"எத்தினி வாட்டிங்க சொல்றது? லைசென்ஸ் ரத்து. கடைக்கு சீல் வெக்கிறோம்."

பிறகு படியில் நின்ற என்னை நிமிர்ந்து பார்த்து, "மேல எதுனா இருக்காம்மா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர், "வீடு சார். பொண்ணு படிச்சிக்கினு இருக்குது" என்றார்.

அவர் கும்பிட்ட கும்பிடுக்கு ஆய்வாளர் கொஞ்சம் இளகினார். மனு கொடுங்கள், தீபம் முடிந்ததும் வந்து பார்க்கிறோம், எல்லாம் ஒழுங்காக இருந்தால் யோசிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். எங்களுக்கு அது ஒன்றுதான் பிடி. மேலே இருப்பது தெரிந்தால் அதுவும் கிடையாது. இறக்கிக் கொண்டுபோகவும் வழியில்லை. தெருமுனையில் தடுப்பு போட்டு போலீஸ் உட்கார்ந்திருந்தது.

அன்றிலிருந்து பயமும் எங்களோடு குடித்தனம் வந்துவிட்டது. மகளைக் கட்டில் பக்கமே விடாமல் அடுப்படியில் படுக்கவைத்தேன். வீட்டு அடுப்பைப் பற்றவைக்கவில்லை, டீக்கடை பன்னிலேயே காலம் தள்ளினோம். சாமி விளக்கையும் ஏற்றவில்லை. சாமி கோபித்துக்கொண்டால் பிறகு சமாதானம் பண்ணிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

"மூடி போட்ட சிலிண்டரு, அது பாட்டுக்குக் கெடக்குது. நீதான் பயந்து சாவுற" என்றார் வீட்டுக்காரர். அவருக்கென்ன, தீபத்தன்று காலையிலேயே, தடுப்பை எடுத்ததும் சிலிண்டர்களை ஏற்ற வண்டி பேசிவைக்கிறேன் என்று கீழ்பென்னாத்தூருக்குக் கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் தெருவே மலையைப் பார்த்து நின்றது. உச்சியில் ஜோதி தெரிந்த பிறகுதான் எங்கள் ஊரில் வீட்டு விளக்கு ஏற்றுவோம். நம் வீடு மட்டும் இருட்டாக இருந்தால் எல்லோரும் பேசுவார்கள் என்று மகள் ஒரே அழுகை. அழுகைக்கு இறங்கிப்போய், கீழே இருக்கிற படிகளில் மட்டும் வைக்கச் சொன்னேன். அகல்களை வரிசையாக வைத்து எண்ணெய் ஊற்றி, தீப்பெட்டியோடு நின்றாள். பக்கத்து வீட்டு அக்காவும் தன் விளக்குத் தட்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

அப்போதுதான் மேலே வாசலில் நின்ற எனக்கு அந்த நாற்றம் வந்தது.

லேசாகத்தான். எண்ணெய் நாற்றம்தான் என்று எனக்கு நானே சொல்லிப்பார்த்தேன். மறுபடியும் வந்தது. கேஸ் கசிந்தால் கீழ்ப்பக்கமாகத்தான் இறங்கும். அடுப்படியில் கிடக்கிற எங்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கட்டிலிலிருந்து வாசல், வாசலிலிருந்து படி, படியிறங்கினால் என் மகள். கத்தினால் மெஸ் போய்விடும். கத்தாவிட்டால்?

மலையில் ஜோதி எரிந்தது. "அரோகரா" என்று ஊரே அதிர்ந்தது. மகள் குச்சியை எடுத்தாள்.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. அவள் மணிக்கட்டைப் பிடித்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. "அக்கா, ஏத்தாதீங்க! மேல கேஸு இருக்குது! யாரும் ஏத்தாதீங்க!" என்று அலறினேன்.

தெருமுனையில் நின்ற தீயணைப்புக்காரர்கள் ஓடிவந்தார்கள். ஒவ்வொரு சிலிண்டராக வெளியே எடுத்து, சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள். எதிலும் ஒரு குமிழி வரவில்லை. ஒன்றுகூடக் கசியவில்லை.

மறுநாள் ஆய்வாளர் வந்தார். மனுவுக்கு இனி வேலையில்லை என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"ஒண்ணுமே லீக் ஆவல. உன் பயத்துக்கு ஒரு மெஸ்ஸே போச்சுடி" என்று வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். நாற்றம் வந்தது நிஜமா, என் பயமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

இப்போது வேங்கிக்காலில் வாடகை வீடு. அவர் வேறொருவர் ஹோட்டலில் மாஸ்டராக இருக்கிறார். அந்தக் கோபம் அவருக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் தீபத்தன்று வாசலில் அகல் வைத்துவிட்டு, குச்சியைக் கிழிக்காமல் நிற்பார். என் முகத்தைப் பார்க்கவும் மாட்டார்.

"இன்னா, ஏத்தலாமா?" என்பார்.

நான் ஒருமுறை மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவேன். அதுவரைக்கும் மகளை அவர் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்தியிருப்பார்.