ஆறு மணிக்குப் பிறகும் ஒரு பிள்ளை

ஆக்லாந்தில், பள்ளி விட்ட பிறகு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மையம் ஒன்றில் எனக்கு வேலை. ஆறு மணிக்கு மூட வேண்டும். ஒரு பிள்ளையின் அம்மா வரத் தாமதமானாலும், ஊழியர் இருவர் அந்தப் பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து விளையாடுவார்கள். கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது, பிள்ளை கவனித்துவிடுமாம். முதல் வாரம் எனக்கு இது விசித்திரமாக இருந்தது. எமிலி என்ற சிறுமி மட்டும் மிச்சமிருந்தபோது நான் பையை மாட்டிக்கொண்டேன். "ஆர் யூ லீவிங் ஹெர்?" என்றார் பொறுப்பாளர் ஜேன். லீவைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, "நோ லீவ், டுமாரோ ஐ கம்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே பையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, எமிலியின் பக்கத்தில் எனக்கும் இடம்விட்டார்.

விருத்தாசலத்தில் நானும் என் தோழி செல்வியும் தொடங்கிய டியூஷனில் ஏழு மணிக்குப் பூட்டு விழும். விதியை எழுதி ஒட்டியவள் நான்தான். போன வருடம் விடுமுறையில் போனபோதும் அந்தத் தாள் சுவரிலேயே இருந்தது. ஐந்தாம் வகுப்பு அபியைக் காட்டி செல்வி சொன்னாள்: "ஆறு மணியானா இதுக்குப் படிப்பே ஏறாதுக்கா. வாசலையே பாத்துக்கிட்டு இருக்குது. அவங்கம்மாகிட்ட சொல்லி நிறுத்திடப் போறேன்."

அன்று மாலை நான் அபியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். பாடத்தைப் பற்றிப் பேசவில்லை. வெகுநேரம் கழித்து அவளே கேட்டாள்.

"இன்னைக்கும் பூட்டிடுவீங்களா டீச்சர்?"

"ஏன்மா?"

"சூளை பிரிக்கிற அன்னைக்கு அம்மா வர எட்டு மணி ஆயிடும். நான் வெளியில நிப்பேன். நாயி வரும்."

அவள் அம்மாவுக்குப் பீங்கான் பட்டறையில், சுட்ட சாமான்களைச் சூளையிலிருந்து இறக்கும் வேலை. என் முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. எத்தனை பிள்ளைகளைத் தெருவில் நிறுத்திவிட்டு, படிப்பு வரவில்லை என்று நானும் திட்டியிருப்பேன்!

கேட்டுக்கொண்டிருந்த செல்வி எழுந்துபோய் அந்தத் தாளைக் கிழித்தாள். அன்று எட்டே காலுக்கு அபியின் அம்மா மூச்சிரைக்க ஓடி வந்தபோது, நாங்கள் மூவரும் தாயம் ஆடிக்கொண்டிருந்தோம். அதன்பிறகு செல்வியும் அவள் தங்கையும் முறைவைத்துக் காத்திருக்கிறார்கள். அபி இப்போது வாய்ப்பாட்டைத் தப்பில்லாமல் சொல்கிறாளாம். போனில் கேட்டு எனக்கு அத்தனை சந்தோஷம்.

அந்த விடுமுறை முடிந்து நான் கிளம்பிய வாரம் அபியின் அம்மா, "எப்ப டீச்சர் ஊருக்குப் போறீங்க?" என்று கேட்டார். பிறந்த ஊரில் நின்றுகொண்டு, "வெள்ளிக்கிழமைங்க" என்றேன். ஆக்லாந்து விமான நிலையத்தில் ஜேன் கட்டிக்கொண்டு, "வெல்கம் ஹோம்" என்றார். "தேங்க்யூ" என்றேன். என் செருப்பில் அப்போதும் விருத்தாசலத்து மண் ஒட்டியிருந்தது.