எதிர் வரிசை விளக்கு

சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். நடந்ததைத்தான் எழுதுகிறேன். ராத்திரிகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல்.

கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுவது என் வேலை. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். சேர்ந்து ஆறு மாதம். என்னை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று திங்கட்கிழமை முடிவு. ஞாயிறு மாலை ஐந்துக்குள் என் புரோகிராம் சர்வரில் ஏறவில்லை என்றால் முடிவைச் சொல்லவே வேண்டாம். ஆனால் எழுதியவளே ஏற்ற முடியாது. இன்னொருவர் படித்துவிட்டு ‘சரி’ பட்டனை அழுத்த வேண்டும். அதுதான் எங்கள் ஆபீஸ் விதி.

ஆறு பேருக்குப் போன் போட்டேன். டீம் லீடு மட்டும் எடுத்தார்.

“ஞாயித்துக்கிழமை நான் லேப்டாப்பத் தொடமாட்டேம்மா. வேற யாரையாச்சும் கேளு.”

“வேற யாரு சார் இருக்கா?”

வைத்துவிட்டார். ஐந்து மணிக் கெடு வைத்த புண்ணியவானே அவர்தான்!

அடுத்து அம்மா. “அந்த மெஷினுக்கும் லீவு கிடையாதாடி? சாப்டியா?”

“சாப்டேன்.” பொய்.

ஆபீஸில் நான் மட்டும். ஜன்னல் இல்லாத தளம். விளக்குகளுக்கு சுவிட்ச் கிடையாது. ஆள் அசைந்தால் அந்த வரிசை எரியும். பத்து நிமிடம் அசைவில்லை என்றால் அணைந்துவிடும். என் தலைக்கு மேல் மட்டும் வெளிச்சம். மற்றதெல்லாம் இருட்டு.

3:45. கடைசி வரிசை விளக்கு எரிந்தது.

எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. சென்சாரைத் திட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

4:02. இன்னும் எரிந்தது. அப்படியென்றால் அங்கே ஏதோ... அசைந்துகொண்டிருக்கிறது.

4:10. நடு வரிசை எரிந்தது.

4:17. எனக்கு நேர் எதிர் வரிசை.

டக்... டக்டக்... டக்.

கீபோர்டு சத்தம். எதிர் மேஜையில் கீபோர்டே இல்லை. தூசிதான்.

என் திரையில் ஒரு குறிப்பு விழுந்தது. அனுப்பியவர்: குருவி. ஆபீஸில் பலருக்குப் பட்டப்பெயர் உண்டு. யாரோ வீட்டிலிருந்து என் புரோகிராமைப் படிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

“வரி 212. பட்டியல் காலியா வந்தா எல்லாம் நின்னுடும்.”

எரிச்சலோடு காலிப் பட்டியல் கொடுத்து ஓட்டிப் பார்த்தேன். நின்றது. திருத்தினேன். 4:49.

“தேங்க்ஸ். வீட்லேர்ந்தா பாக்குறீங்க?”

டக்... டக்டக்...

“எதிர்ல.”

நிமிர்ந்தேன்.

காலி நாற்காலி... மெல்ல... என் பக்கம் திரும்பியது.

4:58. ‘சரி’ விழுந்தது.

ஓடினேன். பையைக்கூட எடுக்கவில்லை.

திங்கட்கிழமை வேலை நிரந்தரமானது. டீம் லீடிடம் கேட்டேன். “குருவின்னு யாரு சார்?”

அவர் லேப்டாப்பை மூடினார். “ரெண்டு வருஷம் ஆச்சும்மா. நேத்து மாதிரியே ஒரு ஞாயித்துக்கிழமை. தனியா வேலை பாத்துட்டிருந்தா. மூணே முக்காலுக்கு எனக்குப் போன் பண்ணா. நான்... எடுக்கல. மறுநாள் காலைல உன் எதிர் சீட்டுல...” முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அவ அக்கவுன்ட்ட அன்னைக்கே மூடிட்டோம்.”

“எடுத்திருக்கலாமே சார்” என்றேன். தலையைக் குனிந்துகொண்டார்.

இடத்துக்கு வந்து கம்ப்யூட்டரில் தேடினேன். அவள் கடைசியாக எழுதிய புரோகிராம் இன்னும் அங்கே இருக்கிறது. ‘சரி’ விழாமல். இரண்டு வருடமாகக் காத்துக்கொண்டு.

படித்துப் பார்க்க வேண்டியவர் என்று அவளே ஒரு பெயரைப் போட்டிருந்தாள். தேதி, அந்த ஞாயிற்றுக்கிழமை. நேரம், 4:58.

என் பெயர்.

அன்று நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன்.