பீடத்தில் பூ வைக்கும் வரை

என் வீட்டுக்காரிக்கு ஈரல் கெட்டுவிட்டது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். அப்போது நவம்பர் கடைசி. மகளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தோம். கல்யாணம் ஜனவரியில். அதுவரை இவள் இருப்பாளா என்று எங்களுக்குப் பயம்.

தறிக்கு லீவு சொல்லிவிட்டு, கல்யாணத்தை முன்னாலேயே வைக்க முடியுமா என்று கேட்க எங்கள் சர்ச் சாமியாரைப் பார்க்கப் போனேன். திருவருகைக் காலத்தில் சர்ச்சில் கல்யாணம் வைப்பதில்லை. கிறிஸ்து பிறப்புக்குக் காத்திருக்கிற காலம். பீடத்தில் பூகூட இருக்காது, ஊதாத் துணிதான். சாமியார் யோசித்தார்.

"இப்படி ஒரு நிலைமைன்னா நடத்தித் தாரேன். பூ, ஜோடனை ஒண்ணும் கூடாது" என்றார்.

வீட்டில் வந்து சொன்னேன். கட்டிலில் கிடந்தவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"பூ இல்லாத பீடத்துல எம்பிள்ளைக்குத் தாலி ஏற வேண்டாம். நான் காத்துக் கெடக்கேன்."

"நீ இருக்கணுமேட்டி."

"இருப்பேன். நீங்க மூஞ்சிய இப்படி வச்சிருந்தா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எழவு வீடுன்னு திரும்பிப் போயிருவாங்க."

ஜனவரியிலேயே இருக்கட்டும் என்று சாமியாரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நான் மட்டும் போவேன். கிறிஸ்துமஸ் வரை வாரத்துக்கு ஒரு மெழுகுதிரி கூடுதலாகக் கொளுத்துவார்கள், மொத்தம் நாலு. வந்ததும் எத்தனை எரியுது என்று கேட்பாள். மூன்றாவது திரி ரோஸ் கலர், பாதி தாண்டிவிட்ட சந்தோஷத்துக்கு. அதைச் சொன்னதும், "அப்பம் என் பிளவுஸத் தைக்கக் குடுத்திருங்க. அளவக் குறைச்சே எடுக்கச் சொல்லுங்க. அன்னைக்கு இன்னும் மெலிஞ்சிருப்பேன்" என்றாள்.

டெய்லரிடம் அப்படியே சொன்னேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

கிறிஸ்துமஸ் போனது. ஜனவரியும் வந்தது. அவளை ஆட்டோவில் கொண்டுபோய் முன்னால் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தோம். பீடம் நிறையப் பூ. பிரசங்கம் முடிந்து, சாமியார் தாலியை மந்திரித்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார். நான் திரும்பிப் பார்த்தேன். தூங்கிவிட்டிருந்தாள். மருந்து அப்படி.

எழுப்பப் போனேன்.

"விடுங்கப்பா. அம்மா தானா முழிக்கட்டும்" என்றாள் மகள்.

மாப்பிள்ளை தாலியைப் பிடித்தபடி நின்றார். சாமியார் போய் உட்கார்ந்துகொண்டார். சர்ச்சில் ஃபேன் சத்தம் மட்டும்தான்.

கண்ணைத் திறந்தவள், எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டாள்.

"இன்னுமா கட்டல? அவருக்குக் கை வலிக்காதா?" என்றாள்.

பிறகுதான் மாப்பிள்ளை தாலி கட்டினார்.