மூன்று விரல் நீளத் தழும்பு

டொக்டர் என் முழங்காலில் ஊதா மையால் கோடு போட்டபோது கூசியது. அந்தக் கூச்சம் இன்னும் ஞாபகம் இருக்கு...

யுத்த காலம். வீடு டவுனில், ஓர்ஸ் ஹில்லில். வேலை ஈச்சிலம்பற்றில், ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக ஆசிரியர். கடலைக் கடக்கிற லோஞ்சிப் படகில் மூதூர் போய், அங்கிருந்து பஸ்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புட்போல் விளையாடப் போய், காலை ஊன்றித் திரும்பினேன். முழங்காலுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். எலும்புகளைப் பிடித்து வைக்கிற லிகமென்ட் அறுந்து போச்சு. அதன்பிறகு லோஞ்சியால் இறங்கும்போதெல்லாம் கால் மடங்கி விழுந்தேன்.

வேறு இடத்துத் தசைநாரை எடுத்துப் போட்டு ஒப்பரேஷன் செய்யலாம் என்றார் டொக்டர். முன்பக்கம் நீளமாக வெட்டித் திறக்க வேண்டும் என்று விரலால் காட்டினார்.

அம்மா உடனே சொன்னா: "வேண்டாம் டொக்டர். நொண்டினாலும் பரவாயில்ல. தழும்பு வேண்டாம்."

இப்போதுள்ள பிள்ளைகளுக்கு இது விளங்காது. செக் பொயிண்டில் ஆமிக்காரர் எங்களைப் போன்ற பொடியன்களின் லோங்ஸை முழங்காலுக்கு மேல் மடிக்கச் சொல்வார்கள். காய்ப்பு இருந்தால் இயக்கத்தில் பயிற்சி எடுத்தவன். தழும்பு இருந்தால் சண்டைக்குப் போனவன். பிறகு ஆஸ்பத்திரிக் கதை சொன்னாலும் ஆமிக்காரன் நம்பினால்தான் உண்டு.

நொண்டுகிற மகனென்றாலும் வீட்டுக்கு வந்து சேர்வான்... அதுதான் அம்மாவின் நினைப்பு. எனக்கோ நடக்க வேணும். அம்மாவில் கோபம் கோபமாக வந்தது.

டொக்டர் என் காலைத் திருப்பி உள்பக்கத்தைப் பார்த்தார். பிறகுதான் அந்த ஊதாப் பேனையை எடுத்தார்.

"அம்மா, உள்பக்கமா மூண்டு விரல் நீளத்துக்கு மட்டும் வெட்டுறன். ஆனா உள்ளுக்க முழுசாத் தெரியாது. எலும்பைத் தடவித்தான் இடம் பிடிக்க வேணும். பிழைச்சா மடக்க ஏலாமப் போகும்."

அம்மா என்னைப் பார்த்தா. "செய்யட்டும் அம்மா" என்றேன். அந்த ஊதாக் கோட்டை விரலால் அளந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினா.

முதுகில் ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே மரத்துப் போச்சு. காது மட்டும் நல்லாக் கேட்டது. டொக்டர், பக்கத்தில் நின்ற சின்ன டொக்டருக்குச் சொல்லிச் சொல்லியே செய்தார்.

"கீழ் எலும்பில பழைய லிகமென்டின்ர மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கு, பாரும். அந்த இடத்திலதான் துளை. மேல் எலும்பிலதான் கவனம். பின்னுக்குப் போகேக்க ஒரு மேடு தட்டுப்படும். அதுதான் பின்விளிம்பு எண்டு நினைச்சு நிண்டிடாதையும். அதைத் தாண்டிப் போகோணும்."

யாரோ வெளியூர்க்காரருக்கு எங்கள் வீட்டுக்கு வழி சொல்வதுபோல் இருந்தது. அந்தப் பயத்திலும் சிரிப்பு வந்தது.

கடைசியில் என் காலை மடக்கினார். நீட்டினார். திரும்பவும் மடக்கினார்.

"சரி" என்றார். கண்ணீர் வழிந்து என் காதுக்குள் போனது.

மாதக்கணக்காகப் பயிற்சி செய்து, திரும்ப வேலைக்குப் புறப்பட்ட நாள்... இறங்குதுறையில் லோங்ஸை மடித்தேன். ஆமிக்காரன் குனிந்து, தழும்பைப் பெருவிரலால் தடவிப் பார்த்தான். "புட்போல்" என்றேன். நம்பவில்லை. நொண்டுகிறேனா என்று பார்க்க, அங்கிருந்த ஒரு தூண் வரைக்கும் நடந்து காட்டச் சொன்னான்.

என் வாழ்க்கையில் அவ்வளவு நேராக நான் நடந்ததில்லை. முதுகெல்லாம் வியர்வை.

"ம்... போ" என்றான்.

போன வருசம் என் மகளுக்கும் அதே லிகமென்ட். நெட்போல். இப்ப ஒப்பரேஷன் எல்லாம் கமெரா விட்டுத்தான். உள்ளே போகிற வழி முழுக்க டிவியில் தெரிகிறது. அவள் தன் முழங்காலைப் படமெடுத்து பேஸ்புக்கில் போட்டாள். ஊரெல்லாம் இதயம் போட்டது.

ஒருநாள் கொழும்பு பஸ்ஸுக்கு ஷோர்ட்ஸோடு புறப்பட்டு நின்றாள். தழும்பு பளிச்சென்று தெரிந்தது. பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

"பிள்ளை, லோங்ஸ் போட்டுக்கொண்டு போங்கோ."

"ஏனப்பா?"



"ஏசி பஸ். குளிரும்" என்றேன்.